கூண்டுக்குள் ஒரு நோயாளி: பறவை வைத்தியத்தைக் கால்நடை மருத்துவர் எங்கே படிப்பது?

"டாக்டர், நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பார்த்தா கூண்டுக்கு அடியில கெடக்குது."

கிளியையோ லவ்பேர்டையோ துணியில் சுற்றிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடி வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். கெப்பாலா பத்தாஸ், பட்டர்வொர்த், சென்னை வேப்பேரி என்று ஊர்தான் மாறும், பேச்சு மாறாது. அவர்கள் பொய் சொல்லவில்லை. பறவைதான் அவர்களை ஏமாற்றியிருக்கிறது. கூட்டமாக வாழும் பறவை தன் பலவீனத்தை வெளியே காட்டினால் பருந்தின் கண் முதலில் அதன் மேல்தான் விழும். ஆகவே நோயை மறைப்பது அதன் பிறவிக் குணம். தானியக் கிண்ணத்தில் அலகை வைத்து உமியைக் கிளறிக்கொண்டே இருக்கும். வயிற்றுக்குள் எதுவும் போயிருக்காது. பார்ப்பவர்களோ "நன்றாகச் சாப்பிடுகிறது" என்று நினைத்துக்கொள்வார்கள். இறகைப் பந்து போல் உப்ப வைத்துக்கொண்டு, மூச்சுக்கு ஒரு முறை வால் ஏறி இறங்க உட்கார்ந்திருக்கும்போது நோய் வந்து பல நாளாகியிருக்கும்.

அந்த நேரத்தில் மேசைக்கு எதிரே நிற்கும் கால்நடை மருத்துவருக்கு என்ன தெரிந்திருக்கிறது என்பதுதான் உயிரா மரணமா என்பதைத் தீர்மானிக்கிறது. மலேசியத் தமிழர் வீடுகளில் இன்று கிளி, கொக்கட்டியல், முயல், ஹாம்ஸ்டர், சிவப்புக் காது ஆமை, சுகர் கிளைடர், இகுவானா என்று விதவிதமான பிராணிகள் வளர்கின்றன. ஆனால் இவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கல்வி, பட்டத்தோடு கைக்கு வந்துவிடுகிற கல்வி அல்ல. பட்டம் வாங்கிய பிறகும் தேடிப் போய்ப் படிக்க வேண்டிய ஒன்று.

பத்தாயிரம் கோழியும் ஒரு கிளியும்

நம் நாட்டில் கால்நடை மருத்துவக் கல்விக்கு நெடுங்காலம் ஒரே வாசல்தான் இருந்தது. செர்டாங்கில் 1971-இல் விவசாயப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி இப்போது புத்ரா பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் நிலையம் அது. பிறகு கிளந்தான் பல்கலைக்கழகமும் சேர்ந்துகொண்டது. ஐந்தாண்டுப் படிப்பு. அந்த ஐந்து ஆண்டுக்குள் மாடு, ஆடு, பன்றி, குதிரை, கோழி, நாய், பூனை எல்லாம் முடித்தாக வேண்டும். கிளிக்கும் முயலுக்கும் பாம்புக்கும் மிஞ்சும் நேரம் குறைவாகத்தான் இருக்கும். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. நாட்டுக்கு முதலில் வேண்டியது பாலும் முட்டையும் இறைச்சியும்.

"கோழி வைத்தியம் படித்தவருக்குக் கிளி வைத்தியம் தெரியாதா?" என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். கோழி வைத்தியத்தில் மலேசியா சோடை போன நாடும் அல்ல. ஈப்போவில் 1948-இல் ஏற்பட்ட கால்நடை ஆய்வுக் கழகம் இன்றும் இயங்குகிறது. 1980-களில் புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ராணிக்கெட் என்கிற கோழிக்கழிச்சல் நோய்க்கு வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனத்தோடு கலந்து கம்பத்துக் கோழிகளுக்குக் கொடுக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். ஊசியும் குளிர்ப்பெட்டியும் போக முடியாத கிராமங்களுக்கு அது பெரிய காரியம்.

ஆனால் கோழிப் பண்ணை மருத்துவரின் நோயாளி ஒரு கோழி அல்ல, ஒரு கொட்டகை. பத்தாயிரம் கோழியில் நாலைந்தை அறுத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடித்து மற்றவற்றைக் காப்பாற்றுவது அந்த வைத்தியத்தின் வழி. கிளி வைத்தியத்தில் அந்த வழி செல்லாது. இருப்பது ஒன்று. அதை அறுத்துப் பார்த்தால் கதை முடிந்தது. அந்த ஒன்றை உயிரோடு வைத்துக்கொண்டே உள்ளே நடப்பதைக் கண்டறிய வேண்டும். இரண்டும் பறவை வைத்தியம்தான் என்றாலும் அணுகுமுறை நேர் எதிரானது.

முப்பது கிராம் உடம்பு

ஒரு பட்ஜி லவ்பேர்டின் எடை முப்பது முதல் நாற்பது கிராம். உடலில் உள்ள மொத்த ரத்தம் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று நான்கு மில்லிலிட்டர். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பரிசோதனைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது பொது விதி. நாய்க்கு எடுப்பது போல் ஒரு குழாய் ரத்தம் எடுத்தால் அந்தப் பறவை ஊசி முனையிலேயே செத்துப்போகும். நகம் வெட்டும்போது ரத்தம் கசிந்தால் நாய்க்கு அது ஒன்றுமில்லை. பட்ஜிக்கு அது அவசர நிலை.

பிடிக்கிற விதமும் அப்படித்தான். மனிதனுக்கும் நாய்க்கும் மூச்சை இழுத்து விட நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்ற தசைத் திரை உண்டு. பறவைக்கு அது கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்துதான் அதன் மூச்சு நடக்கிறது. நுரையீரலைத் தவிர உடல் முழுக்கக் காற்றுப் பைகள் இருக்கின்றன. பெரும்பாலான பறவைகளுக்கு ஒன்பது. காற்று ஒரே திசையில் ஓடும். பறக்கத் தேவையான பிராணவாயுவைக் கொடுக்கும் அற்புதமான ஏற்பாடு இது. ஆனால் பறந்துவிடுமே என்ற பயத்தில் மார்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்தால், கழுத்தைத் தொடாமலே மூச்சை நிறுத்திவிடலாம். கழுத்தையும் தலையையும் விரல்களால் பிடித்து மார்பைத் தளர்வாக விட வேண்டும். புத்தகத்தில் இது இரண்டு வரி. கையில் படிய நாலைந்து பறவைகளாவது வேண்டும்.

இந்தக் காற்றுப் பைகளால் வீட்டுக்குள்ளேயே ஓர் ஆபத்து உண்டு. ஒட்டாத நான்ஸ்டிக் தோசைச் சட்டியை வெறுமனே அடுப்பில் வைத்து மறந்துவிட்டால், அதன் மேல் பூச்சு அளவுக்கு மீறிச் சூடாகி ஒரு புகையை விடும். மனிதனுக்குச் சில வேளைகளில் காய்ச்சல் மாதிரி வந்து போகும். பக்கத்து அறையில் இருக்கும் கிளி சில நிமிடங்களில் சாகும். வாசனை கூட வந்திருக்காது. திடீர் மரணம் என்று வரும்போது மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது "அடுப்பில் என்ன இருந்தது?" என்பதே. பறவை வைத்தியத்தில் பயிற்சி பெற்றவர்கள் இதைக் கேட்கிறார்கள். பெறாதவர்கள் "சளி பிடித்திருக்கும்" என்று முடித்துவிடுவதுண்டு. வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையும் கொசுவத்திச் சுருளும் கூண்டுக்கு அருகே வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம்.

நாய்க்கு மருந்து, முயலுக்கு விஷம்

தெரியாமல் கொடுக்கும் மருந்து, கொடுக்காத மருந்தைவிடக் கெட்டது. முயலின் பெருங்குடலில் நல்ல கிருமிகள் புல்லைச் செரிக்க உதவுகின்றன. அதற்கு வாய் வழியாகப் பெனிசிலின் அல்லது அமோக்சிசிலின் கொடுத்தால் நல்ல கிருமி அழிந்து விஷக் கிருமி பெருகி வயிற்றுப்போக்கில் முயல் இறந்துவிடும். நாய்க்கும் பூனைக்கும் நாள்தோறும் கொடுக்கும் மருந்து அது. நாயின் உண்ணிக்குக் கழுத்தில் விடும் பிப்ரோனில் என்ற சொட்டு மருந்தும் முயலுக்கு ஆகாது. குடற்புழுவுக்கான ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நாயைப் பட்டினி போடுவது வழக்கம். மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சுக் குழாயில் போய்விடக்கூடாதே என்பதற்காக. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதைப் பட்டினி போட்டால் குடல் ஓட்டம் நின்று, நன்றாக நடந்த அறுவைக்குப் பின் செத்துப்போகும். ஒரு நாள் முழுக்க முயல் சாப்பிடவில்லை என்றால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது, அன்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

பாம்பு, ஆமை, பல்லி வகைகள் இன்னொரு உலகம். உடல் சூடு சுற்றுப்புறத்தைப் பொறுத்தது என்பதால் குளிர்ந்த அறையில் போட்ட ஊசி வேலை செய்யாமலே கிடக்கும். பின்னங்காலில் போட்ட மருந்து சிறுநீரகம் வழியாகச் சுற்றிப் போகக்கூடும் என்பதால் முன்பாதி உடலில் போடுவதே வழக்கம். இகுவானாவின் தாடை ரப்பர் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டால் சுண்ணாம்புச் சத்து, சூரிய ஒளி இரண்டும் போதவில்லை என்று பொருள். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் அதற்குப் பயன்படாது; தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இதை எந்தச் செல்லப்பிராணிக் கடையும் விற்கும்போது சொல்வதாகத் தெரியவில்லை.

கழுகுகள் கற்றுக்கொடுத்த பாடம்

ஒரு பிராணியின் மருந்து இன்னொரு பிராணியை என்ன செய்யும் என்று தெரியாமல் போனதற்கு உலகத்திலேயே பெரிய விலை கொடுத்தது இந்தியத் துணைக்கண்டம். 1990-களில் தொடங்கி இந்தியாவில் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகள் கண்முன்னே மறைந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டன. ஏதோ தொற்று நோய் என்றுதான் பலரும் தேடினார்கள். 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை நோயியல் நிபுணரின் தலைமையில் பாகிஸ்தானில் நடந்த ஆய்வு காரணத்தைக் கண்டுபிடித்தது. மாட்டுக்கு வலி நிவாரணியாகப் போட்ட டைக்ளோபெனாக்! அந்த மாடு செத்து, சடலத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகம் பழுதாகி, சில நாளில் அதுவும் செத்தது. மாட்டுக்கு ஊசி போட்ட மருத்துவர் மாட்டுக்கு நல்லதைத்தான் செய்தார்.

2006-இல் இந்தியா அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. மனிதருக்கான பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திருப்பிவிடப்பட்டதால் 2015-இல் மனித மருந்தையும் மூன்று மில்லி குப்பிக்குள் அடக்கினார்கள். 2023-இல் கீட்டோபுரோபென், அசிக்ளோபெனாக் ஆகியவையும் கால்நடைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மாற்றாக மெலாக்சிகாம் இருக்கிறது. கழுகுக்குத் தீங்கில்லாதது என்று சோதித்து அறியப்பட்டது. தமிழ்நாட்டில் நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளைக் காப்பாற்ற, சுற்று வட்டாரக் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைகளிடமும் இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியிருந்தது. 2004-க்கு முன்னால் பட்டம் வாங்கிய எந்த மருத்துவரும் இதைக் கல்லூரியில் படித்திருக்க முடியாது. தொடர்கல்வி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

கிளியிடமிருந்து மனிதனுக்கு

இது பிராணிகளோடு மட்டும் முடிகிற விஷயமும் அல்ல. 1929-ஆம் ஆண்டுக் கடைசியில் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் பரிசாகக் கிளி வாங்கிய குடும்பங்களில் கடுமையான காய்ச்சலும் நிமோனியாவும் வந்தது. தென் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த கிளிகள் அவை. ஐரோப்பாவிலும் இதே கதை. கிளிக்காய்ச்சல் என்று பெயர் வந்தது. 1930 ஜனவரியில் அதிபர் ஹூவர் கிளி இறக்குமதிக்கே தடை போட்டார். நோயை ஆராய்ந்த வாஷிங்டன் ஆய்வுக்கூடத்தில் ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படுத்தார்கள். உதவியாளர் ஒருவர் இறந்தே போனார். அந்த ஆய்வுக்கூடம்தான் அதே ஆண்டில் தேசியச் சுகாதாரக் கழகம் என்று பெயர் மாறியது.

கிளாமிடியா சிட்டாசி என்ற கிருமியால் வரும் அந்த நோய் இன்றும் இருக்கிறது. காய்ந்த எச்சத்தின் தூசியை மூச்சில் இழுத்தால் போதும். டாக்ஸிசைக்ளின் மருந்துக்குக் கேட்கும். பறவைக்கு வழக்கமாக நாற்பத்தைந்து நாள் கொடுப்பார்கள். ஆனால் மனித டாக்டர் "வீட்டில் பறவை உண்டா?" என்று கேட்டால்தானே? கேட்காவிட்டால் நோயாளியே சொல்லிவிட வேண்டும்.

மலேசியர்களுக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1998 கடைசியிலிருந்து 1999 வரை பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணைகளிலிருந்து பரவிய மூளைக் காய்ச்சலை முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே எண்ணினார்கள். அது நிப்பா என்ற புதிய கிருமி என்று 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் கண்டறிந்தார். 265 பேருக்கு நோய் வந்து 105 பேர் மாண்டார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பறவைக் காய்ச்சலும் நமக்குத் தெரிந்ததே. 2004-இல் கிளந்தானில், 2006-இல் கோலாலம்பூர் வட்டாரம், பேராக், பினாங்கு ஆகிய இடங்களில் வந்தது. கூண்டிலோ கொட்டகையிலோ அடுத்தடுத்துப் பறவைகள் செத்தால் கால்நடைச் சேவை இலாகாவுக்குச் சொல்லியாக வேண்டும். தெரிந்த மருத்துவர் அதை உடனே சந்தேகிப்பார்.

கெப்பாலா பத்தாஸிலிருந்து பார்த்தால்

வட செபராங் பிறையின் மையமான கெப்பாலா பத்தாஸ், வயலும் தாமானும் கலந்த ஊர். முன்னாள் பிரதமர் துன் அப்துல்லா அகமட் படாவியின் தொகுதியாக இருந்தது என்று நாடே அறிந்த பெயர். அருகே பெர்தாமில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் உயர் மருத்துவ, பல் மருத்துவக் கழகம் இருக்கிறது. மனிதனுக்குப் பெரிய நோய் வந்தால் போக இடம் பக்கத்திலேயே உண்டு. மேற்கே தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலமூடா வரையிலான சேற்றுக் கடற்கரை, வலசை வரும் நீர்ப்பறவைகளுக்கு முக்கியமான இடம் என்று உலகப் பறவை ஆர்வலர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். தெற்கே செபராங் ஜெயாவில் 1988-இல் திறந்த பினாங்குப் பறவைப் பூங்கா. மலாய் வீடுகளில் மெர்போக் புறாவும் முராய் பத்துவும் கூவும்; போட்டியில் வென்ற முராய் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்குக் கைமாறுவதுண்டு. தீவுப் பக்கம் ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி ஆலயத்து ஆமைக் குளத்தைப் பார்க்காத பினாங்கு வாசி இருக்கமாட்டார்.

இவ்வளவு பறவையும் ஆமையும் உள்ள வட்டாரத்தில், இரவு எட்டு மணிக்குக் கொக்கட்டியலுக்கு முட்டை அடைத்துக்கொண்டால் எங்கே போவது? செர்டாங்கில் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நெடுஞ்சாலையில் நான்கு மணி நேரம். முட்டை அடைத்த பறவைக்குப் பல நேரம் அவ்வளவு அவகாசம் இருக்காது. ஆகவே பெரிய ஊரில் நிபுணர் ஒருவர் இருப்பது போதாது. சிறிய ஊரில் நாய், பூனை பார்க்கும் மருத்துவர் முதல் ஆறு மணி நேரத்துக்குச் செய்ய வேண்டியதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். முப்பது டிகிரி சூட்டில் இருட்டான பெட்டி, பிராணவாயு, தோலுக்கடியில் கொஞ்சம் வெதுவெதுப்பான உப்பு நீர், சுண்ணாம்புச் சத்து ஊசி, தேவையில்லாமல் தொடாமல் இருப்பது. பாதிப் பறவைகள் இந்த எளிய காரியங்களிலேயே மூச்சைப் பிடித்துக்கொள்ளும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். இதைக் கற்றுக்கொள்ள மேல்பட்டம் தேவையில்லை. ஒரு வாரக் கடைசி போதும்.

எப்படிப் படிக்கிறார்கள்?

1974-ஆம் ஆண்டுக் கால்நடை மருத்துவர் சட்டத்தின்படி மலேசியக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிந்தவர்தான் தொழில் செய்யலாம். பதிந்த பிறகு எவ்வளவு படிக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பிரிட்டனில் ஆண்டுக்கு முப்பத்தைந்து மணி நேரத் தொடர்கல்வி கட்டாயம். ஆனால் அந்த முப்பத்தைந்து மணியில் எதைப் படிப்பது என்பது மருத்துவர் விருப்பம். முழுவதையும் நாயின் பல்லுக்கே செலவிடலாம். கிளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கு என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. உரிமையாளர்கள் கேட்டால்தான் மருத்துவர்கள் படிப்பார்கள்.

படிக்க வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் பறவை மருத்துவர்களுக்கென்று 1980-இல் தனிச் சங்கமே தொடங்கியது; ஆண்டு மாநாடும் ஆய்விதழும் நடத்துகிறது. பறவை வைத்தியத்துக்குத் தனி நிபுணர் சான்றிதழ் அங்கே 1990-களில் வந்தது. அபுதாபியில் 1999-இல் திறந்த வல்லூறு மருத்துவமனை, வைரி பறவைகளுக்கு வைத்தியம் பார்ப்பதோடு வெளிநாட்டு மருத்துவர்களுக்கும் மாணவர்களுக்கும் பயிற்சி தருகிறது. நம் நாட்டில் சிறு பிராணிகள் மருத்துவர் சங்கம் மாநாடுகளையும் பட்டறைகளையும் நடத்துகிறது. 2020-இல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் உட்கார வைத்தபின் இணைய வகுப்புகள் பெருகிவிட்டன. பறவைத் தீவன நிறுவனம் ஒன்று கூட இலவசமாகவே நடத்துகிறது. தீவனம் விற்கிறவர் நடத்தும் வகுப்பில் தீவனத்தைப் பற்றி எதை நம்புவது என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துக்கொள்ள வேண்டும்! நியூயார்க்கில் கோடைக்காலத்து இரவு எட்டு மணி வகுப்பு இங்கே காலை எட்டு மணி. கிளினிக் திறக்குமுன் ஒரு பாடம் முடிந்துவிடும்.

ஆனால் திரையில் பார்த்து எல்லாமும் வந்துவிடாது. பட்டினியாய் வந்த பறவையின் தொண்டைப் பைக்குள் குழாய் விட்டு உணவு கொடுப்பதை எடுத்துக்கொள்வோம். குழாய் தவறி மூச்சுத் துளைக்குள் போனால் ஊட்டிய கையே கொன்றுவிடும். இறக்கை எலும்பு முறிந்தால் எட்டு வடிவக் கட்டு. இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்த்தினால் எலும்பு கோணலாய்ச் சேரும். சிறகு நரம்பில் ரத்தம் எடுப்பது, சிறிய முகமூடியில் மயக்க வாயு கொடுப்பது எல்லாம் கைப்பழக்கம். நல்ல பட்டறைகளில் இறந்த பறவைகளை வைத்து முதலில் பழக்குகிறார்கள். மேசையில் எப்போதும் இருக்க வேண்டிய நூல் ஒன்றும் உண்டு: அமெரிக்காவின் ஜேம்ஸ் கார்ப்பெண்டர் தொகுத்த அயல்பிராணி மருந்தளவு நூல். எந்தப் பிராணிக்கு எந்த மருந்து எத்தனை மில்லிகிராம், எந்த ஆய்வை வைத்துச் சொல்கிறோம் என்று வரிசையாகக் கொடுத்திருக்கும். அனுபவசாலிகளும் ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து பார்த்துத்தான் எழுதுகிறார்கள். முப்பது கிராம் உடம்பில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு.

"இதெல்லாம் செய்து என்ன வருமானம்?" என்ற கேள்வியும் இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. பத்திருபது ரிங்கிட்டுக்கு வாங்கிய பட்ஜிக்கு நூறு ரிங்கிட் செலவழிக்கச் சொன்னால் பலர், "வேற ஒண்ணு வாங்கிக்கிறேன் டாக்டர்" என்று எழுந்துவிடுவார்கள். மருத்துவரோ கிராம் தராசு, சூட்டுப் பெட்டி, சிறு குழாய்கள், பட்டறைக் கட்டணம், கோலாலம்பூர் போய்வரும் செலவு என்று போட்டிருப்பார். பட்ஜியின் விலையை வைத்துக் கட்டணத்தை அளக்கும் வரை சிறிய ஊர்களில் பறவை பார்க்கும் மருத்துவர் அரிதாகத்தான் இருப்பார். பூனையைத் தெருவில் இலவசமாகத்தானே எடுத்தோம். அதற்கு வைத்தியம் பார்க்கத் தயங்குவதில்லையே?

சட்டம் என்ன சொல்கிறது?

2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவர் மேல் பராமரிப்புக் கடமையைச் சுமத்துகிறது. கொடுமைக்கு இருபதாயிரம் முதல் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். முராய் பத்து போன்ற காட்டுப் பறவைகளை வளர்க்க 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்கீழ் பெர்ஹிலித்தான் அனுமதி தேவை. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 2017 முதல் அனைத்துலக வாணிபத்தில் ஆகக் கடுமையான கட்டுப்பாடு. நட்சத்திர ஆமைக்கு 2019 முதல். சென்னை விமான நிலையத்தில் மலேசியாவுக்கு வரவிருந்த நட்சத்திர ஆமைகள் பிடிபட்ட செய்திகளை வாசகர்கள் படித்திருப்பீர்கள். இந்தியாவில் பச்சைக் கிளியைக் கூண்டில் வைப்பதே 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அனுமதியில்லாத பிராணியை வைத்திருப்பவர் மருத்துவரிடம் கொண்டுவரப் பயப்படுகிறார். நோய் முற்றும் வரை காத்திருக்கிறார். ஆகவே, வாங்குமுன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, அனுமதிப் பத்திரம்.

மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். "மாதத்தில் எத்தனை பறவை பார்க்கிறீர்கள்? கிராம் தராசு இருக்கிறதா? முடியாவிட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்?" என்ற மூன்று கேள்வியில் விஷயம் தெரிந்துவிடும். "எனக்கு இது பழக்கமில்லை, இன்ன இடத்துக்குப் போங்கள், அதுவரை இப்படிச் செய்யுங்கள்" என்று சொல்கிற மருத்துவர் நல்ல மருத்துவர். வீட்டிலும் ஒரு சமையல் தராசு வாங்கி வாரம் ஒரு முறை பறவையை நிறுத்து எழுதி வைத்தால், அது மறைக்கிற நோயை அந்தத் தாள் காட்டிக்கொடுக்கும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலே கிளம்ப வேண்டியதுதான். போகும்போது அந்தத் தாளையும், கூண்டின் அடியில் விரித்த காகிதத்தை அன்றைய எச்சத்தோடும் எடுத்துப் போகலாம். கூண்டைக் கழுவிச் சுத்தமாக்கிக் கொண்டுபோவது மரியாதைதான். ஆனால் மருத்துவருக்கு வேண்டிய பாதிச் சாட்சி அதோடு போய்விடும்.

எல்லாம் செய்தும் பறவை இறந்துவிட்டால்? தோட்டத்தில் புதைக்குமுன் பிரேதப் பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்கலாம். பினாங்கில் புக்கிட் தெங்காவில் கால்நடைச் சேவை இலாகாவின் வட்டார ஆய்வுக்கூடம் இருக்கிறது. கையுறை போட்டு, சடலத்தை நீரில் நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் உணவுப் பொருளிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். உறைய வைக்கும் தட்டில் வைத்துவிட்டால் திசுக்கள் உடைந்து சோதனைக்குப் பயன்படாமல் போய்விடும்.